க்ளெம்பரரின் காலப்பிரமாணம்

பல வருஷங்களுக்கு முன்னால் நான் ஒரு கதை எழுதினேன். நாகஸ்வர வித்வான் ஒருவருக்குச் சித்தம் கலங்கிவிடுகிறது. கலங்கிய அந்த இரவில் அவர் வாசித்த தோடியைப்போல அதற்கு முன்னும் யாரும் வாசித்ததில்லை, பின்னும் வாசிக்கப்போவதில்லை என்று கதை முடிகிறது. பத்திரிகையில் வந்தபோது நல்ல பெயர் கிடைத்தது. நண்பர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நானும் அதை நல்ல கதை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. எழுதியவர் ஒரு பெண்மணி. அவருடைய கணவருக்கு இருபது வருஷமாக அந்த மாதிரி நோய் உண்டாம். அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு மேலே எழுதியிருந்தார்: "கதை நன்றாக இருந்தது. மறுநாள் காலையில் அந்த வித்வானுக்குச் சோறு போட்டது யார் என்று நீங்கள் எழுதவில்லையே?"

அவ்வளவுதான் கார்டில் இருந்தது. நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்பதுதான் உண்மை.

அந்தக் கார்டு சமீபத்தில் மறுபடியும் ஞாபகத்துக்கு வந்தது. ஓட்டோ க்ளெம்பரர் என்ற ஜெர்மானிய சங்கீத மேதையைப் பற்றிப் பீட்டர் ஹேவொர்த் என்ற ஆங்கில விமர்சகர் எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் படித்தேன். இரண்டு பெரிய பாகங்கள். முதல் பாகம் 1983-இல் வந்தது. இரண்டாவதை முடிக்குமுன் ஹேவொர்த் 1991-இல் காலமாகிவிட்டார். ஜான் லூகாஸ் என்பவர் அதைப் பூர்த்தி செய்து 1996-இல் வெளிவரச் செய்தார். புஸ்தகத்தைப் படிக்கும்போதே க்ளெம்பரரின் இசைத்தட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். படித்ததும் கேட்டதுமாகச் சேர்ந்து என் பழைய கதையை எனக்குப் பிடிக்காமல் அடித்துவிட்டன. ஏன் என்று சொல்லப் பார்க்கிறேன்.

க்ளெம்பரர் ஒரு கண்டக்டர். கண்டக்டர் என்றால் நமக்கு பஸ் கண்டக்டர்தான் ஞாபகத்துக்கு வருவார். அதில் பெரிய தவறு ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் உத்தியோகம், பலபேரைச் சேர்ந்தாற்போல் ஓர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். மேல்நாட்டு வாத்திய கோஷ்டியில் எண்பது பேர், நூறு பேர் இருப்பார்கள். நம் கச்சேரியில் பாடுகிறவரே காலப்பிரமாணத்தைக் கையில் வைத்துக்கொள்கிறார். பிடில்காரரும் மிருதங்கக்காரரும் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். நாலு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சமாளித்துவிடலாம். நூறு பேர் அப்படிப் பார்த்துக்கொள்ள முடியாது. ஆகவே ஒருவர் நடுவில் நின்று கையை அசைக்கிறார். அவரிடம் வாத்தியம் கிடையாது. மேடையில் இருக்கிற அத்தனை பேரிலும் ஒரு சத்தமும் எழுப்பாத ஆள் அவர் ஒருவர்தான். இந்தக் கை அசைந்தால் இதை நம்பி வில்லை இழுக்கலாம் என்று நூறு பேர் நினைக்கிறார்களே, அந்த நம்பிக்கைதான் அவருடைய வாத்தியம்.

எழுத்தாளனுக்குச் சித்தம் தடுமாறினால் அறைக்கதவைச் சாத்திக்கொள்ளலாம். அன்று எழுதியதை மறுநாள் கிழித்துப்போடலாம். உலகத்துக்குத் தெரியவேண்டியது புஸ்தகம் மட்டும்தான். கண்டக்டருக்கு அப்படி ஓர் அறை கிடையாது. அவருடைய நல்ல நாளும் கெட்ட நாளும் நூறு பேர் முன்னிலையில், இரண்டாயிரம் பேர் எதிரில் நடக்கின்றன. 'இவருக்கு மூளை சரியில்லை' என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால் அவருடைய வாத்தியமே உடைந்துபோன மாதிரிதான்.

அந்த நோய்க்கு இன்று இருதுருவ நோய் என்று பெயர் சொல்கிறார்கள். சில மாதம் ஏற்றம், சில மாதம் இறக்கம். இறக்கத்தில் படுக்கையை விட்டு எழுந்திருப்பதே பெரும்பாடு. நாம் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் நெஞ்சில் கல்லைப்போல உட்கார்ந்திருக்கும். ஏற்றத்தில் தூக்கம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம். உலகத்தையே புரட்டிவிடலாம் என்று தோன்றும். கையில் இருக்கிற காசு கரைந்துபோகும். வாயில் வரக்கூடாத வார்த்தைகள் வரும். இறக்கத்தில் நோயாளிக்குத் துன்பம். ஏற்றத்தில் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் துன்பம். க்ளெம்பரருக்கு இது வாலிபத்திலேயே வந்துவிட்டது. ஃப்ராங்க்பர்ட்டுக்கு அருகில் க்யோனிக்ஷ்டைன் என்ற ஊரில் டாக்டர் கோன்ஷ்டாம் நடத்திவந்த மனநோய் விடுதிக்கு அவர் போய்த் தங்கியிருந்ததுண்டு.

அவர் பிறந்தது 1885-இல், அன்றைக்கு ஜெர்மனியில் இருந்த ப்ரெஸ்லா நகரத்தில். யூதக் குடும்பம். நாலு வயதில் ஹாம்பர்க்குக்குக் குடிபோனார்கள். 1905-இல் பெர்லினில் மாலருடைய இரண்டாவது ஸிம்பனியை வாசித்தார்கள். அதில் மேடைக்கு வெளியே மறைவாக இருந்து வாசிக்க ஒரு சிறு கோஷ்டி உண்டு. அதை நடத்தும் வேலை இருபது வயது க்ளெம்பரருக்குக் கிடைத்தது. மாலருடைய அறிமுகமும் அப்படித்தான் கிடைத்தது. 1907-இல் வியன்னாவுக்குப் போய் அந்த ஸிம்பனியின் ஒரு பகுதியைப் புஸ்தகம் இல்லாமல் பியானோவில் வாசித்துக் காட்டினார். மாலர் தம் விஸிட்டிங் கார்டில் நாலு வரி சிபாரிசு எழுதிக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய்த்தான் ப்ராக் நகரத்து ஜெர்மன் நாடகசாலையில் வேலை கிடைத்தது. அந்தக் கார்டை க்ளெம்பரர் ஆயுள் முழுவதும் பத்திரமாக வைத்திருந்தார்.

பிறகு இருபது வருஷம் ஊர் ஊராகப் போனார்: ஹாம்பர்க், பார்மன், ஸ்ட்ராஸ்பர்க், கொலோன், வீஸ்பாடன். ஒவ்வொரு ஊரிலும் ஆப்பரா நாடகசாலை. பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் சமாளிப்பது, ஒத்திகைக்கு நேரம் போதாமல் திண்டாடுவது, மேலதிகாரியோடு சண்டை போடுவது எல்லாம் அங்கே படித்த பாடம். நாடகக்கார வாழ்க்கையின் அவமானங்களும் தப்பவில்லை. ஹாம்பர்க்கில் பாடகி எலிஸபெத் ஷூமனோடு அவருக்குக் காதல் ஏற்பட்டது. 1912 டிசம்பரில் ஒருநாள் ஆப்பரா முடிந்த சமயத்தில், அரங்கத்திலேயே, ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெண்ணின் கணவர் குதிரைச் சவுக்கால் அவரை அடித்தார். காதலும் ஏற்றமும் அப்போது ஒன்றையொன்று விசிறிவிட்டிருக்க வேண்டும். ஊரை விட்டுக் கிளம்பவேண்டியதாயிற்று.

1927-இல் பெர்லினில் க்ரோல் என்ற ஆப்பராவுக்குத் தலைவரானார். பீத்தோவனுடைய 'ஃபிடேலியோ'வோடு ஆரம்பித்தார். நாலு வருஷம் அங்கே நடந்ததைப் பற்றி இன்னும் புஸ்தகங்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஹிண்டமித், ஸ்ட்ராவின்ஸ்கி, ஷோன்பெர்க், யனாச்செக் என்று அந்நாளைய புதிய சங்கீதம் எல்லாம் அந்த மேடை ஏறிற்று. பழைய ஆப்பராக்களையும் பழைய ஜோடனைகளைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். பழமைவாதிகளுக்கும் தேசியவாதிகளுக்கும் கண்ணில் மிளகாய். 1931-இல் க்ரோலை மூடிவிட்டார்கள். 1933 பிப்ரவரியில் ஜெர்மன் பார்லிமெண்டுக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. பார்லிமெண்ட் கூடுவதற்கு இடம் தேடி, அந்த க்ரோல் கட்டடத்தையே பிடித்தார்கள். மார்ச் 23-ஆம் தேதி ஹிட்லருக்குச் சர்வாதிகாரத்தைத் தூக்கிக்கொடுத்த சட்டம் அங்கேதான் நிறைவேறியது. ஃபிடேலியோவில் கைதிகள் நிலவறையிலிருந்து வெளிச்சத்துக்கு வந்து பாடிய அதே கூரைக்குக் கீழே! ஒரு நாவலாசிரியன் இதைக் கற்பனை செய்து எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்பார்கள். ஏப்ரலில் க்ளெம்பரர் ஜெர்மனியை விட்டுப் புறப்பட்டார். 1919-இலேயே கத்தோலிக்க மதத்தில் சேர்ந்திருந்தார். பிறந்த குலத்தைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு கணக்கே இல்லை.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்து வாத்திய கோஷ்டிக்கு ஆறு வருஷம் தலைமை வகித்தார். ஷோன்பெர்க்கும் அகதியாக அதே ஊருக்கு வந்து சேர்ந்தார். ஐம்பது வயதுக்குமேல் க்ளெம்பரர் அவரிடம் மாணாக்கராகப் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். ப்ராம்ஸின் ஒரு பியானோ நால்வரிசையை ஷோன்பெர்க் முழுக் கோஷ்டிக்காக மாற்றி எழுதியதை 1938 மே மாதம் முதல் தடவையாக மேடையேற்றியவரும் க்ளெம்பரர்தான்.

ஆனால் உடம்பு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. 1939-இல் மூளையில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். பாஸ்டனில் ரண சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தது. முகத்தின் வலப்பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சுக் குழறிற்று, வலக்கையில் பலம் குறைந்தது. ஆறடிக்கு மேல் இன்னும் சில அங்குலம் வளர்ந்திருந்த அந்த ஆஜானுபாகு, கோணிய முகமும் கறுப்புக் கண்மறைப்புமாக வெளியே வந்தபோது, சிகிச்சைக்குப் பின் வந்ததோ பயங்கரமான ஏற்றம். குடும்பத்தைக் கலிபோர்னியாவில் விட்டுவிட்டு நியூயார்க்கில் அலைந்தார். லாஸ் ஏஞ்சலீஸ் பதவி போயிற்று. 1941-இல் ரை என்ற ஊரில் ஒரு மனநோய் விடுதியில் சேர்ந்தவர், அங்கிருந்து வெளியேறிவிட்டார். போலீஸ் தேடியது. சித்தஸ்வாதீனமில்லாதவராகத் தேடப்படுகிறார் என்று பத்திரிகையில் தலைப்புப் போட்டுச் செய்தி வந்தது. பக்கத்து ராஜ்யத்தில் மாரிஸ்டவுன் என்ற ஊரில் கண்டுபிடித்தார்கள். பரிசோதித்த டாக்டர், இவரால் யாருக்கும் ஆபத்து இல்லை என்று சொன்னதன்மேல் விட்டுவிட்டார்கள்.

போலீஸ் விட்டுவிட்டது. பத்திரிகையில் வந்த தலைப்பு விடவில்லை. நூறு பேர் நம்பிக்கைதான் வாத்தியம் என்றேனே, அந்த வாத்தியம் அன்று உடைந்தது. அமெரிக்காவின் பெரிய கோஷ்டிகள் அவரை அழைப்பதை நிறுத்திக்கொண்டன. அன்று அவருக்கு வயது 55. ஒரு கண்டக்டருக்கு அது பழம் பழுக்கும் வயது.

இந்த இடத்தில்தான் ஹேவொர்த்தின் புஸ்தகம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. க்ளெம்பரரைப் பற்றிச் சங்கீத உலகத்தில் நூற்றுக்கணக்கான துணுக்குகள் உலவுகின்றன. முரட்டுத்தனமாகப் பதில் சொன்னார், யாரோ பெரிய மனிதரை மூக்கறுத்தார் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். துணுக்குகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவை நோயாளியை 'வேடிக்கையான மனிதர்' ஆக்கிவிடும். அதற்குமேல் நாம் எதையும் பார்க்கவேண்டியதில்லை. என்னுடைய நாகஸ்வரக்காரர் கதையும் கொஞ்சம் உயர்ந்த தினுசுத் துணுக்குதான் என்று இப்போது தோன்றுகிறது. ஹேவொர்த் துணுக்கோடு நிற்பதில்லை. ஏற்றம் எந்த மாதம் வந்தது, யாருடைய மனம் புண்பட்டது, எவ்வளவு கடன் ஏறிற்று, யார் கட்டினார்கள் என்று பொறுமையாகக் கணக்கு எழுதிக்கொண்டே போகிறார். மேதை என்பதற்காகத் தள்ளுபடி கொடுப்பதில்லை. நோயாளி என்பதற்காக மேதையைக் குறைப்பதும் இல்லை.

அந்தக் கணக்கில் அடிக்கடி வருகிற பெயர்கள் இரண்டு. ஒன்று அவருடைய மனைவி யோஹன்னா. அவரே நல்ல பாடகி. 1920-இல் கொலோனில் கோர்ன்கோல்டின் ஓர் ஆப்பராவை முதன்முதலாகப் போட்டபோது க்ளெம்பரர் நடத்த, கதாநாயகியாகப் பாடியவர் அவர்தான். அப்படிப்பட்டவர் கணவனோடு தேசம் தேசமாகப் போய், ஏற்றத்தில் வசவு கேட்டு, இறக்கத்தில் தலைமாட்டில் உட்கார்ந்திருந்து, 1956-இல் கண்ணை மூடினார். மற்றது மகள் லோட்டெ. தாயார் விட்ட இடத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டார். யாத்திரை, மருந்து, கடிதப் போக்குவரத்து, தகப்பனாரின் கோபம் எல்லாம் அவர் பொறுப்பு. க்ளெம்பரர் 1973 ஜூலை 6-ஆம் தேதி ஜூரிக்கில் 88-ஆவது வயதில் காலமாகும் வரையில் கூடவே இருந்தார். இசைத்தட்டு உறைகளில் கோஷ்டியின் பெயர் இருக்கிறது, பாடகர் பெயர் இருக்கிறது, ஒலிப்பதிவு செய்தவர் பெயர்கூட இருக்கிறது. இந்த இரண்டு பெயரும் கிடையாது. மறுநாள் காலையில் சோறு போட்டது யார் என்ற கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது.

மீதிப் பாதிக்கு லண்டன் போகவேண்டும். ஆனால் அவர் லண்டன் போய்ச் சேர்ந்ததே ஒரு பெருங்கதை. யுத்தம் முடிந்தபின் 1947 முதல் 1950 வரை புடாபெஸ்ட் ஆப்பராவில் இருந்தார். அரசாங்கக் கெடுபிடி பொறுக்காமல் வெளியேறினார். 1951-இல் மான்ட்ரியல் விமான நிலையத்தில் படிக்கட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் பல வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் நடத்தினார். 1952-இல் பாஸ்போர்ட் தகராறு. இரண்டு வருஷம் அமெரிக்காவை விட்டு நகர முடியவில்லை. 1954-இல் ஒருவழியாக ஐரோப்பாவுக்கு வந்து ஜூரிக்கில் குடியேறினார். லண்டனில் ஃபில்ஹார்மோனியா என்ற கோஷ்டியை நடத்திவந்த வால்ட்டர் லெக் அவரைப் பிடித்துக்கொண்டார். தட்டுகள் பதிவாகத் தொடங்கின. 1957-இல் பீத்தோவனின் ஸிம்பனிகள் முழுவதையும் லண்டனில் வரிசையாக நடத்தினார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது, 1958-இல் படுக்கையில் சுருட்டுக்குழாய் பிடித்துக்கொண்டிருந்தவர் தூங்கிப்போனார்; படுக்கை பற்றிக்கொண்டது; தண்ணீர் என்று நினைத்துக் கற்பூரத் தைலத்தை எடுத்துக் கொட்டினார். உடம்பு வெந்துபோயிற்று. ஏறக்குறைய ஒரு வருஷம் வேலை இல்லை. 1959-இல் திரும்பி வந்தார். ஃபில்ஹார்மோனியா அவரை ஆயுள்காலத் தலைமைக் கண்டக்டராக நியமித்தது. அப்போது வயது 74.

இனிமேல் தட்டுகளைப் பற்றி. க்ளெம்பரர் என்றாலே விளம்ப காலம் என்று ஒரு பெயர் நிலைத்துவிட்டது. ஓரளவு நியாயந்தான். பீத்தோவனின் ஏழாவது ஸிம்பனியை அவர் அதே கோஷ்டியோடு 1955-இலும் 1960-இலும் 1968-இலும் மூன்று தடவை பதிவு செய்தார். ஒவ்வொரு தடவையும் முந்தியதைவிட மெதுவாகிறது. மாலரின் 'பூமியின் கீதம்' 1951-இல் வியன்னாவில் பதிவானது ஓட்டமாக ஓடுகிறது. 1964-க்கும் 1966-க்கும் இடையில் லண்டனில் பதிவானது அதைவிடப் பத்து நிமிஷம் அதிகம் பிடிக்கிறது. இதை வைத்துக்கொண்டு சிலர் ஒரு சூத்திரம் செய்துவிட்டார்கள்: வேகம் என்றால் ஏற்றம், மந்தம் என்றால் இறக்கம், நோயின் கிராப்பைத் தட்டிலேயே படித்துவிடலாம் என்று.

எனக்கு அது ஒப்பவில்லை. நம் வித்வான்கள் சொல்லுகிற ஒரு பேதம் இங்கே பயன்படும். வேகம் வேறு, காலப்பிரமாணம் வேறு. எந்த வேகத்தில் எடுத்தாலும், எடுத்த இடத்திலிருந்து முடிக்கிற இடம் வரைக்கும் இம்மி பிசகாமல் நிற்கிறதே, அதுதான் காலப்பிரமாணம். துரிதத்தில் ஓடிக் காலப்பிரமாணம் கெட்டுப்போனவர்கள் உண்டு. விளம்பத்தில் தூங்கிக் கெட்டுப்போனவர்களும் உண்டு. க்ளெம்பரரின் வேகம் வருஷத்துக்கு வருஷம் மாறிற்று. வயது மாறிற்று, உடம்பு மாறிற்று, கை அசைவு குறைந்தது, மனமும் மாறிற்று. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது. ஆனால் காலப்பிரமாணம் 1951-இலும் சரி, 1966-இலும் சரி, ஒரேமாதிரி நிற்கிறது. உருக்கமான இடம் வந்தது என்று குழைவதில்லை. கைதட்டல் வாங்குகிற இடம் வருகிறது என்று ஓடுவதில்லை. எடுத்த அடி எடுத்த அடிதான்.

இன்னும் இரண்டு சங்கதி கவனிக்கலாம். மற்ற கண்டக்டர்கள் பலர் பிடில்காரர் அத்தனை பேரையும் இடப்பக்கம் சேர்த்து உட்காரவைத்த காலத்தில், அவர் முதல் வரிசைப் பிடில்களை இடப்பக்கமும் இரண்டாம் வரிசையை வலப்பக்கமும் வைத்தார். ஒருவர் கேட்பதும் மற்றவர் பதில் சொல்வதும் காதுக்குத் தெரிகிறது. குழல் வாத்தியங்களைப் பிடில் கூட்டம் மூடிவிடாமல் முன்னுக்குக் கொண்டுவந்தார். ஓபோவும் பஸூனும் என்ன சொல்கின்றன என்று தனித்தனியாகக் கேட்கிறது. யாருடைய குரலையும் யாரும் அமுக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். இந்த நியாயத்தைச் சித்தக் கலக்கம் யாருக்கும் சொல்லிக்கொடுக்காது. சின்ன ஊர் நாடகசாலைகளில் இருபது வருஷம் கை உழைத்துக் கற்ற தொழில் இது. தலைக்குள் புயல் அடித்தபோது தொழில் கையில் நின்றது.

எல்லாத் தட்டும் உயர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். 1968-இல் பதிவான மாலரின் ஏழாவது ஸிம்பனி ஏறக்குறைய 100 நிமிஷம் ஓடுகிறது. மற்றவர்கள் 80 நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். அதை ஆகாயத்துக்குத் தூக்குகிற ரசிகர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதன் கடைசிப் பகுதியில் வண்டி மணலில் இறங்கிவிட்டதாகப் படுகிறது. 1968-இன் ஏழாவது பீத்தோவனிலும் நடனம் போய்விட்டது, நடக்கிறது, ஆடவில்லை. இப்படிச் சொல்வதும் அவருக்குச் செய்கிற மரியாதைதான். நோயாளி என்று இரக்கப்பட்டு எல்லாவற்றையும் புகழ்வது, வைத்தியர் நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதைப்போல.

1962-இல் பதிவான ஃபிடேலியோவைக் கேளுங்கள். ஆண் வேஷம் போட்டுக்கொண்டு சிறைக்குள் வேலைக்கு வருகிறாள் ஒரு மனைவி; கணவனுக்குக் குழி தோண்டும் வேலையே அவளுக்குக் கிடைக்கிறது; தோண்டிக்கொண்டே அவனை மீட்கிறாள். க்ரோலில் இதே ஆப்பராவோடுதான் அவர் ஆரம்பித்தார் என்று சொன்னேன். 1961-இல் லண்டன் கோவெண்ட் கார்டனில் முதல் தடவை அடியெடுத்து வைத்தபோதும் இதுதான். நாடகத்தையும் அவரே அமைத்தார். தட்டில் கைதிகள் வெளியே வருகிற இடத்தில் குரல்கள் மெள்ள மெள்ள, ஒருவர் பின் ஒருவராக, வெளிச்சத்துக்குக் கண் கூசுகிறவர்களைப்போல வருகின்றன. ஒரு துளி கண்ணீர் சேர்க்காமல் அதை நடத்துகிறார். வேண்டிய கண்ணீர் கேட்கிறவனிடமிருந்து வருகிறது. யோஹன்னா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. இதற்குமேல் நான் முடிச்சுப் போட விரும்பவில்லை; பழைய கதையில் போட்ட முடிச்சே போதும்.

நோயில்லாமல் இருந்திருந்தால் இந்த க்ளெம்பரர் கிடைத்திருப்பாரா என்று ஒரு நண்பர் கேட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். என் கதைக்கு அஸ்திவாரமும் அதுவே. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1939-இலிருந்து 1954 வரை, 54 வயதிலிருந்து 69 வயது வரை, அந்தப் பதினைந்து வருஷத்தில் அவர் கையில் வந்த நல்ல வேலை புடாபெஸ்டின் மூன்று வருஷமும் சில்லறைப் பதிவுகளுந்தான். மற்றதெல்லாம் கட்டியும் நோயும் ஊர்ப் பேச்சும் பாஸ்போர்ட்டுமாகப் போயிற்று. அந்த வருஷங்களில் பதிவாகாத தட்டுகள்தாம் நோய் நமக்குக் கொடுத்த காணிக்கை. லித்தியம் உப்பு இந்த நோயைத் தணிக்கும் என்று ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் 1949-இல் எழுதினார். அமெரிக்காவில் அதற்கு முறையான அனுமதி 1970-இல்தான் கிடைத்தது. அப்போது க்ளெம்பரருக்கு 84 வயது. மருந்து முன்னாலேயே வந்திருந்தால் மேதை மங்கியிருக்கும் என்று கவலைப்படுகிறவர்கள், யோஹன்னாவையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கவலைப்படலாம்.

கடைசியாக, மீதிப் பாதி. 1964 மார்ச்சில் வால்ட்டர் லெக் திடீரென்று ஃபில்ஹார்மோனியா கோஷ்டியை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். ஒரே நாளில் வாத்தியக்காரர் அத்தனை பேருக்கும் பிழைப்புப் போகும் நிலை. அவர்கள் கூடிப் பேசினார்கள். முதலாளி இல்லாமல் நாமே நடத்துவோம் என்று முடிவு செய்து, நியூ ஃபில்ஹார்மோனியா என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். புதுக் கோஷ்டிக்கு ஒரு பெயருள்ள மனிதரின் நிழல் வேண்டும். க்ளெம்பரரைக் கேட்டார்கள். அவர் அவர்கள் பக்கம் நின்றார். கௌரவத் தலைவரானார். அக்டோபர் 27-ஆம் தேதி லண்டன் ஆல்பர்ட் ஹாலில் பீத்தோவனின் ஒன்பதாவது ஸிம்பனியை நடத்தி அந்தக் கோஷ்டியைத் துவக்கிவைத்தார். வயது 79. கோணிய முகம், முறிந்த இடுப்பு, வெந்த தோல்.

1941-இல் அவருடைய பெயரைப் பத்திரிகையில் பார்த்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். 23 வருஷம் கழித்து, வேலைபோகும் நிலையிலிருந்த ஒரு கோஷ்டி முழுவதும், பிழைப்பதற்கு இவர் பெயரைவிட நம்பிக்கையானது வேறு இல்லை என்று வந்து நின்றது. நோய் தீர்ந்துவிட்டது என்று அவர்கள் நினைக்கவில்லை. பத்து வருஷமாக ஒத்திகையில் அவருடைய நல்ல நாளையும் கெட்ட நாளையும் கூடவே இருந்து பார்த்தவர்கள் அவர்கள். எல்லாம் தெரிந்தே நம்பினார்கள். மனிதருக்கு மனிதர் கொடுக்கக்கூடியதில் இதைவிடப் பெரியது இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண்மணிக்கு இப்போது பதில் எழுதலாம் போலிருக்கிறது. கார்டை எங்கேயோ தொலைத்துவிட்டேன், விலாசம் நினைவில்லை. இந்தப் பத்திரிகை அவர் கண்ணில் பட்டால் சரி. 'அம்மா, அந்த வித்வான் அன்று இரவு தோடி வாசித்தது கலக்கத்தினால் அல்ல. நாற்பது வருஷம் சாதகம் செய்த கை அது, கலக்கத்திலும் வாசித்தது. மறுநாள் காலையில் அவருக்குச் சோறு போட்டவள் அவர் மனைவி. அதற்கு அடுத்த முகூர்த்தத்துக்கு அவரைக் கூப்பிட யாராவது வந்தார்களா என்பதுதான் கதை. அதை நான் எழுதத் தவறிவிட்டேன்.'